வேதநாயக சாஸ்திரியார் யார்? தமிழ்ப் பாட்டைத் திருச்சபையில் நிலைக்க வைத்தவர், சாதி வரிசைக்காகவும் வாதாடியவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் போகும் தமிழர்கள் அங்கே இருக்கும் திருவள்ளுவர் சிலையை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்காமல் இருக்க மாட்டார்கள். 18 வருஷம் துணி மூடியே இருந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்ட சிலை அது. அந்தச் சிலையைச் சுற்றி நடந்த அரசியல் ஊருக்கே தெரியும். ஆனால் அதே ஞாயிறு காலையில் இந்தப் பகுதியின் தமிழ்ச் சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகளுக்குப் பின்னால் இருக்கும் சண்டை பலருக்கும் தெரியாது. அது ஏறத்தாழ 200 வருஷம் பழைய சண்டை.

சபையில் தமிழ்க் கீர்த்தனை பாடலாமா, கூடாதா? தஞ்சாவூரில் 1820களில் இது பெரிய தகராறாகவே இருந்தது. பாட்டுப் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் வேதநாயக சாஸ்திரியார். 89 வயது வரை வாழ்ந்த இந்தப் பெரியவரை 'சுவிசேஷக் கவிராயர்' என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அவர் பாட்டுக்காக மட்டும் போராடவில்லை. சபைக்குள் சாதி வரிசை தொடரணும் என்றும் வாதாடினார். இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் எப்படிப் புரிந்துகொள்வது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

தமிழில் இரண்டு வேதநாயகங்கள் உண்டு. இரண்டு பேருமே கிறிஸ்தவர்கள், இரண்டு பேருமே கீர்த்தனை எழுதியவர்கள். அதனால் இணையத்தில் ஒருவர் செய்தது இன்னொருவர் கணக்கில் அடிக்கடி ஏறிவிடுகிறது.

'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற முதல் தமிழ் நாவலை 1879இல் வெளியிட்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர், முன்சீப் வேலை பார்த்தவர். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' அவருடையது.

நாம் பேசப்போவது அவருக்கு அரை நூற்றாண்டு முன்னால் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). இவர் புராட்டஸ்டன்ட், பள்ளிக்கூட ஆசிரியர். பேரில் 'சாஸ்திரி' இருப்பதால் பிராமணர் என்று நினைத்துவிட வேண்டாம். வேத சாஸ்திரம் கற்றவர் என்ற பொருளில் ஒட்டிக்கொண்ட மரியாதைப் பெயர் அது. அவர் பிறந்தது வேளாளர் குடும்பத்தில். இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாளையங்கோட்டையில் இருந்து தஞ்சாவூருக்கு

1774 செப்டம்பர் 7ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். அப்பா தேவசகாயம் பிள்ளை. சைவக் குடும்பத்தில் பிறந்து, முதலில் கத்தோலிக்கராகி, பிறகு புராட்டஸ்டன்ட் சபைக்கு வந்தவர். அவரும் தமிழ்ப் புலமை உள்ளவர். பையனுக்குத் தமிழ் யாப்பும் செய்யுளும் வீட்டிலிருந்தே வந்த சொத்து.

1785 வாக்கில் பாளையங்கோட்டைக்கு வந்தார் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி. தஞ்சாவூரில் தங்கி ஊழியம் செய்தவர், தஞ்சை அரசரின் நம்பிக்கைக்குரியவர். இந்தப் பையனின் கூர்மையைப் பார்த்து, அப்பாவிடம் கேட்டு, தன்னோடு தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அப்போது பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும்.

தஞ்சாவூரில் சுவார்ட்ஸின் பொறுப்பில் இன்னொரு பையனும் இருந்தான். மன்னர் துளஜா 1787இல் இறக்கும் முன் தத்து எடுத்த சரபோஜி. சாஸ்திரியாரைவிட மூன்று வயது சின்னவர். ஒருவர் பிற்பாடு மன்னர் ஆனார், மற்றவர் கவிராயர் ஆனார். இருவருக்கும் இடையே அப்போது தொடங்கிய நட்பு கடைசி வரை நீடித்தது.

பிறகு தரங்கம்பாடி. டேனிஷ் குடியேற்றமான அங்கே டாக்டர் ஜான் போன்ற மிஷனரிகளிடம் இறையியலோடு வானியல், கணிதம், உடற்கூறு போன்ற புதிய அறிவியல்களும் கற்றார். 1794இல், இருபது வயதை ஒட்டி, தஞ்சாவூர் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். அந்த வேலையில் சுமார் 35 வருஷம் இருந்தார். இடையில், 1798 பிப்ரவரியில், வளர்த்து ஆளாக்கிய சுவார்ட்ஸ் காலமானார். அதே வருஷம் சரபோஜி அரியணை ஏறினார்.

அவர் என்னதான் எழுதினார்?

ஒரு கணக்கைப் பார்த்தால் அவர் வாழ்ந்த இடமும் காலமும் புரியும். தியாகராஜர் 1767, முத்துசாமி தீட்சிதர் 1775, சியாமா சாஸ்திரி 1762. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் மூன்று பேரும் பிறந்தது இவர் பிறப்புக்கு முன்னும் பின்னுமாக 13 வருஷ இடைவெளிக்குள், மூவரும் காவிரிக்கரைக்காரர்கள். அதே ஊர், அதே ராகங்கள், அதே அரண்மனை ரசிகர்கள். அந்தச் சூழலில் உட்கார்ந்துதான் சாஸ்திரியார் இயேசுவைப் பாடினார்.

அவருடைய நூல்கள் நூற்றுக்கும் மேல் என்பார்கள். அதில் அதிகம் பேசப்படுவது 1800ஐ ஒட்டி எழுதிய 'பெத்லகேம் குறவஞ்சி'. குறவஞ்சி என்றால் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது திருக்குற்றாலக் குறவஞ்சி. தலைவன் உலா வருவான், தலைவி காதல் கொள்வாள், குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள், கடைசியில் குறவன் அவளைத் தேடி வருவான். சாஸ்திரியார் இந்தக் கட்டுமானத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவி தேவமோகினி, அதாவது சபை. தலைவன் கிறிஸ்து. குறி சொல்பவள் விசுவாச சிங்கி. அவளைத் தேடி வருபவன் ஞானச் சிங்கன்.

இதில் ஒரு வாத்தியார் வேலையும் உண்டு. குறத்தி தன் மலையையும் நாட்டையும் வர்ணிக்கும் இடத்தில் அவர் உலக பூகோளத்தையே கொண்டுவந்து வைக்கிறார். சூரியனைக் கோள்கள் சுற்றுகின்றன என்ற புதிய வானியலும் பாட்டுக்குள் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பகலில் நடத்திய பாடம் ராத்திரி கூத்தாக மாறியது என்று வச்சுக்கலாம்.

நோவாவின் பேழையை வைத்து 'ஞானத்தச்ச நாடகம்' எழுதினார். ஏற்றம் இறைக்கிறவர்கள் பாடும் மெட்டில் 'ஞான ஏற்றப்பாட்டு', பெண்கள் கும்மியடிக்கும் மெட்டில் 'ஞானக்கும்மி' எழுதினார். சகுனம், சோதிடம், பேய் பிசாசு போன்ற நம்பிக்கைகளைக் கிண்டல் செய்யும் 'சாஸ்திரக்கும்மி'யும் அவருடையதுதான். கற்றவர்களுக்குச் செய்யுள், வயல்காட்டு ஆட்களுக்கு ஏற்றப்பாட்டு. இப்படி எல்லோருக்கும் ஒவ்வொன்று வைத்திருந்தார். கூட்டம் கூட்டி, பாட்டும் விளக்கமுமாக அவரே நிகழ்த்தியும் காட்டுவார்.

மன்னரிடமே மறுத்த கதை

சாஸ்திரியார் குடும்ப வழியில் சொல்லப்படும் ஒரு கதை தமிழ்ச் சபைகளில் ரொம்பப் பிரபலம். பெத்லகேம் குறவஞ்சியைக் கேட்டு ரசித்த சரபோஜி, தஞ்சைப் பெருவுடையார் மீதும் அதுபோல ஒன்று பாடித்தரக் கேட்டாராம். நண்பர், அதுவும் நாட்டின் மன்னர். ஆனாலும் சாஸ்திரியார் மறுத்துவிட்டாராம். மறுத்த மனவேதனையில் அவர் பாடியதுதான் இன்றும் எல்லாச் சபைகளிலும் ஒலிக்கும் ஒரு கீர்த்தனை என்பார்கள்.

கதையின் ஒவ்வொரு விவரத்துக்கும் ஆவணம் தேடுவது கஷ்டம். ஆனால் இதற்குப் பிறகும் நட்பு முறியவில்லை என்பதற்கு வரலாற்றிலேயே ஆதாரம் உண்டு. அதைப் பார்க்க 1820களுக்குப் போகணும்.

1820களில் என்ன நடந்தது?

சுவார்ட்ஸ் தலைமுறை மிஷனரிகள் ஜெர்மானிய லூத்தரன்கள். உள்ளூர் வழக்கங்களோடு பெரும்பாலும் அனுசரித்துப் போனவர்கள். 1825 வாக்கில் தென்னிந்திய மிஷன்களின் நிர்வாகம் எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலேய அமைப்பிடமிருந்து எஸ்.பி.ஜி. என்ற மற்றொரு ஆங்கிலேய அமைப்புக்கு மாறியது. புதிதாக வந்த இளம் மிஷனரிகள் பலருக்குப் பழைய அனுசரிப்பு பிடிக்கவில்லை. மாற்றங்கள் கொண்டுவந்தார்கள்.

தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சார்பில் வாதங்களை எழுத்தில் தொகுத்தவர் சாஸ்திரியார். புதிய மிஷனரிகள் தங்களுக்குச் செய்யும் கொடுமைகள் என்று நான்கைப் பட்டியல் போட்டார்கள்.

ஒன்று, வேதாகமத்தின் தமிழை மாற்றுவது. ஃபப்ரீஷியஸ் 18ஆம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்பைத்தான் இவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் அதைத் திருத்திப் புதிதாக மொழிபெயர்த்தார்.

இரண்டு, திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்கார வைப்பது.

மூன்று, கல்யாணத்திலும் சாவிலும் பண்டிகையிலும் பூ வைப்பதைத் தடுப்பது.

நான்கு, சபையில் தமிழ்க் கீர்த்தனைகளையும் இசையையும் தடுப்பது.

முதலாவதையும் மூன்றாவதையும் நான்காவதையும் இன்று வாசிக்கும் யாரும் சாஸ்திரியார் பக்கமே சாய்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், நம்ம பாட்டையும் பூவையும் பேச்சையும் பறிக்கப் பார்த்தால் கோபம் வரத்தானே செய்யும். ஆனால் பட்டியலில் இரண்டாவதும் இருக்கிறது.

அந்த இரண்டாவது பிரச்னை என்ன?

அந்தக் காலத் தஞ்சாவூர் சபையில் வேளாளர்கள் ஒரு பக்கம், பறையர் சமூகத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் மறு பக்கம் என்று பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். திருவிருந்து அப்பமும் ரசமும் முதலில் வேளாளருக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. ஒரே ஆண்டவர், ஒரே கிண்ணம். ஆனால் வரிசை மட்டும் சாதிப்படி. புதிய மிஷனரிகள் அதை உடைக்கச் சொன்னார்கள்.

சாஸ்திரியாரின் வாதம் இப்படிப் போனது. சாதி என்பது மதம் சார்ந்தது இல்லை, உலக வழக்கம். ஐரோப்பாவிலும் பிரபு, சாதாரணன் என்ற வித்தியாசம் உண்டுதானே. அங்கே அதைக் கைவிடாமல் இங்கே மட்டும் ஏன் கைவிடச் சொல்கிறீர்கள்? உணவிலும் பழக்கத்திலும் சுத்தத்திலும் வேறுபாடு இருக்கும்போது கட்டாயப்படுத்திக் கலக்கலாமா? பழைய மிஷனரிகள் இதை அனுமதித்தார்களே.

மிஷனரிகளின் இரட்டை நிலையைக் குத்திக்காட்டும் இடத்தில் வாதம் கூர்மையானது. சபையில் அவர்களே இனவித்தியாசம் பார்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த வாதத்தில் இல்லாத ஒரு குரல் இருக்கிறது. வரிசையில் பின்னால் நின்றவரின் குரல். அவருக்கு இது வழக்கம் பற்றிய சர்ச்சை இல்லை. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் தான் இரண்டாம் ஆள்தானா என்ற கேள்வி. அவர்களில் யாரும் சாஸ்திரியாரைப் போல நூல் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால் நம் கையில் இருக்கும் ஆவணங்களில் ஒரு பக்கம்தான் சத்தமாகக் கேட்கிறது.

வேலை போனது, அரண்மனை கைகொடுத்தது

1826இல் தஞ்சாவூர் வந்த பிஷப் ஹீபர், பொறுத்துப் போகலாம் என்ற மனநிலையில் இருந்தார். ஆனால் அடுத்த சில நாட்களிலேயே, ஏப்ரல் 3ஆம் தேதி, திருச்சியில் இறந்துபோனார். தகராறு முற்றியது. 1829இல் சாஸ்திரியார் தலைமையாசிரியர் வேலையை இழந்தார். அப்போது வயது ஏறத்தாழ 55.

கைகொடுத்தவர் சரபோஜி. பெருவுடையாரைப் பாட மறுத்ததாகச் சொல்லப்படும் அதே கிறிஸ்தவக் கவிஞரைத் தன் அரண்மனைப் புலவராக வைத்துக்கொண்டார். அந்த ஆதரவும் நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1832இல் சரபோஜி காலமானார்.

அடுத்த வருஷமே பெரிய இடி. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள்.

பாட்டு மட்டும் எப்படித் தப்பித்தது?

சாஸ்திரியாருக்கு இன்னும் முப்பது வருஷம் ஆயுள் இருந்தது. அந்த முப்பது வருஷத்தில்தான் கதை திரும்புகிறது.

மதுரைப் பகுதியில் அமெரிக்க மிஷன் ஒன்று வேலை செய்தது. சாதி விஷயத்தில் ரொம்பக் கறாரான மிஷன். 1847இல் சாதியைக் கைவிட்டதை நடைமுறையில் நிரூபிக்கணும் என்று விதி போட்டு, அதனால் தன் உபதேசியார்கள் பலரை இழந்த மிஷன். அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர், ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாட்டுகள் கிராமத்து மக்கள் வாயில் ஒட்டவே இல்லை என்பதைக் கவனித்தார். தமிழ்க் கீர்த்தனைகளைத் தேடினார். தேடல் போய் நின்ற இடம் சாஸ்திரியார்.

1853இல் வெப் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். அதில் சாஸ்திரியார் பாட்டுகள் முக்கிய இடம் பிடித்தன. தஞ்சாவூர் சபையில் தடுக்கப்பட்ட பாட்டு, சுமார் கால் நூற்றாண்டில் இன்னொரு மிஷனின் அதிகாரபூர்வ பாட்டுப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார், வயது 79.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். சாதி வரிசை போனால் தமிழ் அடையாளமும் போய்விடும் என்ற பயம் அந்த நான்கு கோரிக்கைப் பட்டியலுக்கு அடியில் இருந்தது. சாதியைக் கடுமையாக எதிர்த்த ஒரு மிஷனே அவருடைய பாட்டைக் கையில் எடுத்ததும் அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்று தெரிந்துவிட்டது. தமிழ்ப் பாட்டு தமிழ்ப் பாட்டாகவே இருந்தது. பாடுகிறவர்கள் எல்லாச் சாதியாரும் ஆனார்கள்.

1864 ஜனவரி 24ஆம் தேதி தஞ்சாவூரில் காலமானார். அவர் ஆயுளில் தஞ்சை அரியணையில் துளஜா, அமர்சிங், சரபோஜி, சிவாஜி என நான்கு மன்னர்கள் இருந்து முடிந்திருந்தார்கள். கடைசி மன்னர் 1855இல் இறந்ததும் அரசே இல்லாமல் போனது. அரண்மனை போன பிறகும் அரண்மனைப் புலவர் ஒன்பது வருஷம் இருந்தார்.

அந்த நான்கு கோரிக்கைகள் இன்று எந்த நிலையில்?

பாட்டு: முழு வெற்றி. சி.எஸ்.ஐ., லூத்தரன் என்று பிரிவு பார்க்காமல் தமிழ்ச் சபைகள் அவர் கீர்த்தனைகளைப் பாடுகின்றன.

பூ: இன்று எந்தச் சபைக் கல்யாணத்தையும் பாருங்கள், பதில் தெரியும்.

வேதாகமத் தமிழ்: தோல்வி என்றுதான் சொல்லணும். ரேனியஸ் மொழிபெயர்ப்பும் நிலைக்கவில்லை, ஃபப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பும் பொதுவாக நிலைக்கவில்லை. 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்புதான் பரவலானது. ஃபப்ரீஷியஸிடம் இருந்த 'பராபரன்' அதில் 'தேவன்' ஆகிவிட்டார். ஆனால் சாஸ்திரியார் பாட்டுகளில் பராபரன் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

சாதி வரிசை: விதிப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் சாதிவாரியாகப் பிரிந்த கிறிஸ்தவக் கல்லறைகள் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டிலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சபைத் தேர்தல்களில் சாதிக் கணக்கு பார்ப்பதும் ரகசியம் இல்லை.

அல்சூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1809இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாறி, அல்சூரை ஒட்டிக் கண்டோன்மென்ட் உருவானது. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், வியாபாரிகள். ஊரை விட்டு வந்த அந்தக் குடும்பங்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. கன்னடம் பேசும் ஊரில், ஆங்கிலம் பேசும் ராணுவத்துக்கு நடுவில், தமிழைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று கீர்த்தனைப் புத்தகம். தமிழ் எழுத்தே படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பாட்டுகள் வாயில் வருவது அதனால்தான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் மில்லர்ஸ் ரோட்டில் ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. சாஸ்திரியாரின் கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பகுதி அந்தக் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் சில உண்டு. பாட்டும் சாதி பற்றிய வாதமும் ஒரே கவிஞரின் எழுத்துகள் என்பதை ஆய்வாளர்கள் இவற்றிலிருந்துதான் விரிவாக எடுத்துக்காட்டினார்கள்.

அப்படியானால் அவரை எப்படி நினைவுகூர்வது?

சபைகளில் வழக்கமாகச் சொல்லப்படுவது மன்னரிடம் மறுத்த கதை, பாட்டுகள், நீண்ட ஆயுள். எல்லாம் சொல்ல வேண்டியவைதான். தன் தமிழை விட்டுக்கொடுக்காமல் விசுவாசியாக இருக்க முடியும் என்று காட்டியது சாதாரண விஷயம் இல்ல. ஆனால் அந்த இரண்டாவது கோரிக்கையை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் சொன்னால், கிண்ணத்துக்காகப் பின்னால் காத்து நின்றவர்களை இன்னொரு தடவை பின்னால் நிறுத்துவதாக ஆகிவிடும்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இன்று அதே கீர்த்தனைகளைத்தான் பாடுகிறார்கள். யார் முதலில், யார் பிறகு என்ற வரிசை அந்தப் பாட்டில் இல்லை. அந்தப் பாட்டை எழுதியவர் ஏற்காத சமத்துவத்தை, அவர் பாட்டே சபைக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.